லாம்டன் ஊன்றிய குறிகள்

நிலத்தை அசையாச் சொத்து என்பது பத்திரம் எழுதுவோர் வழக்கு. காவிரி பாயும் நாட்டில் ஆறு அந்த வழக்கை ஒப்புக்கொள்வதில்லை. ஆடிப்பெருக்கில் வரும் புதுப்புனல் ஒரு கரையில் வண்டலை ஏற்றுகிறது. ஐப்பசி வெள்ளம் மறுகரையை அரித்துச் செல்கிறது. தாத்தன் நட்ட எல்லைக்கல்லைப் பேரன் தோண்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்த பின்னும் அது தாத்தன் நட்ட இடத்திலேயே இருக்கிறதா என்ற வழக்கு ஓயாது. ஆற்றங்கரையில் நிலத்தை அளக்கிறவனுக்கு முதற் பகை ஆறு.

1808ஆம் ஆண்டு யானைகளும் காளைகளும் கூடாரங்களும் புடைசூழத் தஞ்சைத் தரணிக்குள் வந்த வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அலுவலர் இந்தப் பகையை நேரில் கண்டார். அவருக்கு வேண்டியவை அசையாத சில புள்ளிகள் மட்டுமே. மேற்கே மலைநாட்டில் அவை எளிதில் கிடைத்தன. குன்றின் உச்சிப் பாறை ஒவ்வொன்றும் இயற்கை ஊன்றிய குறி. காவிரியின் கழிமுகச் சமவெளியில் குன்று என்று சொல்ல ஒன்றுமில்லை. தென்னையும் பனையும் மூங்கிற் கொல்லையும் பார்வையை மறைத்தன. பத்து மைலுக்கு அப்பால் ஒன்றைக் காண வேண்டுமானால் மரங்களின் தலைக்கு மேலே ஏற வேண்டும். அப்படி ஏறி நிற்பதற்கு அந்நாட்டில் இருந்தவை கோயிற் கோபுரங்கள். அவற்றுள் தலையாயது இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் விமானம். 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அது, லாம்டன் வந்தபோது எண்ணூறு ஆண்டுகளாக இருநூறு அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. காவிரி நாட்டில் அதைவிடச் சிறந்த அளவைக்குறியை எந்த அரசாங்கமும் ஊன்றியதில்லை.

லாம்டனை அந்த விமானத்தின் அடிவாரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய வாழ்க்கை எளிய இடத்தில் தொடங்கியது. இங்கிலாந்தின் வட யார்க்சயரில், நார்த்தலர்ட்டன் அருகிலுள்ள கிராசுபி கிரேஞ்சு என்ற இடத்தில், வசதியற்ற குடும்பத்தில், 1753 அல்லது அதற்குச் சில ஆண்டுகள் பின்னர் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டே உறுதியாகத் தெரியாத ஒருவர், பிற்காலத்தில் நாற்பதாயிரம் அடி நீளத்தை அங்குலத்தின் பின்னம் வரை அளந்து சொன்னார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. பள்ளியில் கணக்கில் கூர்மை காட்டினார். 1781இல் படையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு 33ஆம் காலாட்படைக்கு மாறினார். அமெரிக்க விடுதலைப் போரின் இறுதிக் கட்டத்தில் அங்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்ததும் கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் படைவீடுகளின் மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். புதிதாகக் குடியேறியவர்களுக்கு நிலம் பிரித்து அளந்து கொடுக்கும் பணியிலும் அங்கே ஈடுபட்டார். சூரிய கிரகணத்தைப் பார்க்கப்போய் ஒரு கண்ணின் பார்வை கெட்டதும் அங்கேதான் என்பர். சுமார் பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் குளிர்நாட்டில், நூல்களும் கணக்குமே துணையாக, பதவி உயர்வு என்ற பேச்சே இன்றி அவர் காலம் கழிந்தது. வாழ்க்கையில் ஒன்றும் செய்யாமல் முதுமை எய்தப் போகிறவர் என்றே அவரை அறிந்தோர் அந்நாளில் எண்ணியிருப்பர்.

தொண்ணூறுகளின் நடுவில் படைப் பணியா, குடிமைப் பணியா என்று தேர்ந்துகொள்ளுமாறு மேலிடம் கேட்டது. லாம்டன் படையைத் தேர்ந்தார். அவருடைய 33ஆம் படை அப்போது ஆர்தர் வெல்லசுலியின் தலைமையில் இந்தியாவுக்கு வந்திருந்தது. 1797இல் கல்கத்தாவை அடைந்து படையோடு சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். 1798இல் படை சென்னைக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டு திப்பு சுல்தான் மீது படையெடுப்பு.

சீரங்கப்பட்டணத்து முற்றுகையில் நடந்த ஒரு நிகழ்ச்சி லாம்டனின் இயல்பை நன்கு காட்டுகிறது. தளபதி பெயர்டு ஓர் இரவில் தம் படைப்பிரிவை நடத்திச் சென்றார். ஒரு தோப்பைத் துழாவிப் பார்த்துவிட்டுத் தங்கள் முகாமுக்குத் திரும்ப வேண்டியதே திட்டம். உடன் சென்ற லாம்டன் விண்மீன்களைப் பார்த்தபடியே நடந்தார். படை முகாமை நோக்கிப் போகவில்லை, பகைவனை நோக்கிப் போகிறது என்று கண்டு தளபதியிடம் சொன்னார். விண்மீன் துணையின்றியே தமக்கு வழி தெரியும் என்று பெயர்டு சினந்தார். சற்று நேரத்தில் படை எதிரியின் காவல் வீரர்கள் மீது முட்டிக்கொண்டது. பிறகு விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தனர்; லாம்டன் சொன்னதே சரி. பெயர்டும் அதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். எங்கே இருக்கிறோம் என்பதை மனிதன் தன் எண்ணத்தால் அல்ல, அசையாத ஒன்றைக் கொண்டே அறிய வேண்டும் என்பது லாம்டனுக்குப் பிறவிக் கொள்கை போலும்.

திப்பு வீழ்ந்ததும் கும்பினியின் கையில் பெரும் நிலப்பரப்பு வந்து சேர்ந்தது. அதை அறிவதற்குச் சரியான வரைபடம் இல்லை. மைசூர் நாட்டை அளந்து விவரம் திரட்டும் பணி காலின் மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் திரட்டியதால் அவரைத் தமிழறிஞர் நன்கறிவர். லாம்டனின் திட்டம் வேறு வகையானது. ஊர்களையும் வழிகளையும் வரைவது அவர் நோக்கமன்று. தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் பின்னி, ஒவ்வொரு முனையின் இடத்தையும் பிழையின்றி நிறுவ வேண்டும். பிறர் வரையும் படங்கள் அந்த முனைகளில் தொங்க வேண்டும். அதனூடே பூமியின் வடிவத்தைப் பற்றிய கேள்விக்கும் விடை காண வேண்டும். 1800இல் சென்னை அரசு இசைந்தது. எல்லோரும் இசைந்தனர் என்பதில்லை. சீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவன் பல்லக்குத் தூக்கிகளிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதுமே, இதற்கு இவ்வளவு செலவு எதற்கு என்று நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் வாதித்தாராம். இத்தகைய அறிவாளிகள் எக்காலத்து நிதிக்குழுவிலும் உண்டு.

முக்கோண அளவையின் தத்துவம் எளிது. ஒரே ஒரு கோட்டின் நீளத்தைத் தரையில் அளந்துவிட வேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மூன்றாம் புள்ளியை நோக்கிக் கோணங்களை அளந்தால், மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அப்பக்கங்களின் மீது அடுத்த முக்கோணம், அதன் மீது அடுத்தது என்று தரையில் சங்கிலி இழுக்காமலே நூற்றுக்கணக்கான மைல் செல்லலாம். ஆறும் காடும் பள்ளத்தாக்கும் தடையாகா. ஆனால் முதற்கோட்டில் ஏற்படும் பிழை முக்கோணந்தோறும் கூடவே வரும். ஆகவே அந்த அடிக்கோட்டை அளப்பதில் லாம்டன் காட்டிய பொறுமை தவத்துக்கு ஒப்பானது.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகில் அவ்வேலை தொடங்கியது. மே 22ஆம் நாள் பெரும்பாக்கம் குன்றருகே முடிந்தது. கத்திரி வெயிலில் ஏழரை மைல்! அளந்த சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. இலண்டனில் ராம்சுடன் செய்த அந்த நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாக மக்கார்ட்னி தூதுக்குழுவினர் கொண்டு போன பொருள்களுள் ஒன்று. பேரரசர் ஏற்கவில்லை. குழுவில் இருந்த டின்விடி என்பவரோடு அது கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து விலைக்கு லாம்டன் கையை அடைந்தது. சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரத்தொட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மீது திருகுகளால் மட்டம் பார்த்து, வெயிலில் எஃகு நீளுவதைக் கணக்கிட வெப்பமானிகளை வைத்து, கூடாரத் துணியால் நிழல் செய்து அளந்தனர். நானூறு முறை சங்கிலியை எடுத்து வைத்தபின் கிடைத்த நீளம் 40,006 அடியும் அரையடிக்குச் சற்றுக் குறைவும். இந்தியாவைப் பின்னிய முக்கோணங்களுக்கு ஊற்று அந்தக் கோடு. அதற்கு முன்பே, 1792இல் எழுந்த சென்னை வானாய்வு நிலையம் தீர்க்கரேகைக்கு ஆதாரமாக இருந்தது. அங்கே கருவி வைக்க நட்ட கருங்கல் தூணில் தமிழிலும் செய்தி பொறித்திருப்பது தமிழர் நினைவில் கொள்ளத்தக்கது.

கோணங்களை அளக்க வேண்டிய பெருங்கருவி அப்போது வந்து சேரவில்லை. கேரி என்ற இலண்டன் கைவினைஞர் செய்த அந்தத் தியோடலைட்டு அரை டன் எடை கொண்டது. அதன் கிடைவட்டம் மூன்றடி விட்டம். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்து மொரிசியசுக்குக் கொண்டு போயினர். கருவி அறிவியலுக்குரியது என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். இரு நாடுகளும் ஒன்றையொன்று அழிக்க முனைந்திருந்த காலத்தில் இப்படியும் ஒரு நாகரிகம் இருந்தது.

கருவி வந்தபின் கடற்கரையை ஒட்டித் தெற்கேயும், பின்னர் மேற்கேயும் முக்கோணங்கள் நகர்ந்தன. 1804இல் பெங்களூர் அருகே இரண்டாம் அடிக்கோடு அளக்கப்பட்டது. பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், தரையில் நேரே அளந்த நீளத்துக்கும் இடையே, ஏழு மைலுக்கு மேற்பட்ட தூரத்தில், வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. தொடர்ந்து மங்களூர்க் கரையை எட்டியபோது வெளிப்பட்ட செய்தி அரசையே திடுக்கிட வைத்தது. அதுவரை வரைபடங்களில் நானூறு மைல் அகலம் கொண்டிருந்த தீபகற்பம் உண்மையில் முந்நூற்றறுபது மைலே இருந்தது. ஒரு பீரங்கியும் வெடிக்காமல் கும்பினி நாற்பது மைல் அகல நிலத்தை இழந்தது! பல்லக்குத் தூக்கிகளை நம்பியவர்கள் அதன்பின் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

1805 முதல் லாம்டனின் கவனம் வடக்குத் தெற்காகச் செல்லும் பெருங்கோட்டின் மீது திரும்பியது. 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து வடக்கே எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் முக்கோணத் தொடரை இட்டு, ஒவ்வொரு பாகைக்கும் நிலத்தில் எவ்வளவு நீளம் என்று காண வேண்டும். பூமி துருவங்களில் தட்டையாக இருப்பின் வடக்கே போகப் போகப் பாகையின் நீளம் கூடும். இதில் அவரை வியப்பில் ஆழ்த்திய இடம் பெங்களூர்ப் பகுதி. அங்கே கிடைத்த விடைகள் கோட்பாட்டோடு பொருந்தவில்லை. தம் கணக்கை முதலில் ஐயுற்று மீண்டும் மீண்டும் பார்த்தவர், முடிவில் தூக்குக்குண்டையே ஐயுற்றார். நிலத்தடியில் அடர்த்தி மிக்க கனிமப் பாறை இருந்து குண்டைச் சற்றே இழுக்கிறது என்று கருதினார். கண்ணுக்குத் தெரியும் மலை குண்டை இழுக்கும் என்பது அறிஞர்க்கு முன்பே தெரியும். கண்ணுக்குத் தெரியாதது இழுப்பதை ஓர் அளவைக்காரர் தம் எண்களிலிருந்து உணர்ந்தது பெரிய செய்தி.

கோயம்புத்தூர் அருகே 1806இல் ஓர் அடிக்கோட்டை முடித்துக்கொண்டு, பின்னர்க் காவிரிச் சமவெளியில் அவர் இறங்கினார். அப்போது தஞ்சையில் சரபோஜி மன்னர் இருந்தார். ஆட்சி கும்பினியிடம் போய்விட்டிருந்தது. கோட்டையும் கோயிலும் கலையும் நூலகமுமே மன்னரிடம் எஞ்சியிருந்தன. பெரிய கோயில் விமானத்தின் மீது தியோடலைட்டை ஏற்ற ஏற்பாடாயிற்று. கயிறும் கப்பியும் கட்டி, கருவிப் பெட்டி சுவரில் மோதாதபடி ஒரு பக்கக் கயிற்றால் விலக்கிப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்தனர். நடுவழியில் பக்கக் கயிறு அறுந்தது. அரை டன் பொருள் ஊசலாடிச் சென்று கருங்கல்லில் மோதியது. விமானத்துக்கு ஒன்றும் நேரவில்லை. கருவியின் பெருவட்டம் வளைந்து போயிற்று.

கோண அளவையில் அந்த வட்டமே உயிர். அதன் விளிம்பில் மயிரிழைக் கோடுகளாகப் பாகைகளும் அவற்றின் நுண்பிரிவுகளும் வெட்டப்பட்டிருக்கும். விளிம்பு கோணினால் ஒவ்வொரு கோணமும் பொய் சொல்லும். மாற்றுக் கருவி வேண்டுமானால் இங்கிலாந்துக்கு எழுதி, செய்து, கப்பலேற்றிக் கொண்டுவர ஆண்டுகள் ஆகும். மற்றவராயின் பணியை நிறுத்தியிருப்பர். லாம்டன் யாரையும் கடிந்ததாகச் செய்தி இல்லை. கருவியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்த் துண்டு துண்டாகப் பிரித்தார். படைக்கலச் சாலையிலிருந்து வந்த சில கைவினைஞர் தவிர எவரையும் உள்ளே விடவில்லை. வட்டம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித் துல்லியமாகப் பலகையில் வரைந்து, வளைந்த உலோகத்தை அதன் மீது கிடத்தி, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் மயிரிழை மயிரிழையாக இழுத்து, ஆறு வாரங்களில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். முழுமையான செம்மை மீளவில்லை. விளிம்பின் வெவ்வேறு பகுதிகளில் பலமுறை கோணத்தைப் படித்துச் சராசரி காண்பதன் மூலம் எஞ்சிய கோணலின் தீமையைக் குறைத்துக்கொண்டார். அந்தக் கருவியைக் கொண்டே தென்னாடு முழுவதும் அளந்து முடித்தார். ஓர் அறிஞர் கொல்லராகவும் தச்சராகவும் ஆன அந்த ஆறு வாரம் அவர் வாழ்வின் உச்சம் எனல் தகும். அந்தக் கைவினைஞர்களின் பெயர்களையும் யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

பெயர் எழுதப்படாதோர் பட்டியல் நீளமானது. கொடிக்கம்பம் ஏந்திக் குன்றின் உச்சியில் நாட்கணக்காக வெயிலில் நின்றவர்கள், கருவியைத் தோளில் சுமந்து பாறையேறியவர்கள், மறைக்கும் கிளைகளை வெட்டி வழி திறந்தவர்கள் ஆகியோர் இன்றி ஒரு முக்கோணமும் மூடியிருக்காது. புலியும் காய்ச்சலும் அவர்களையே முதலில் கொண்டன. ஊராரின் ஐயத்துக்கு ஆளானவர்களும் அவர்களே. உச்சியில் கொடி ஏறினால் நாடு பிடிக்க வந்த அடையாளம் என்று பாளையத்தார் நினைத்தனர். தூரநோக்கி மனிதரைத் தலைகீழாகக் காட்டும் என்ற செய்தி பரவியபோது வீட்டுப் பெண்களைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. ஊராரின் ஐயம் வெறும் பேதைமை அன்று என்பதையும் சொல்ல வேண்டும். அளப்பவன் பின்னால் வரி தண்டுபவன் வருவான் என்பது உழவனுக்குத் தெரியும். லாம்டனின் உள்ளம் பூமியின் வடிவத்தில் இருந்தது உண்மை. அவருக்குப் படியளந்த கும்பினியின் உள்ளம் வேறிடத்தில் இருந்ததும் உண்மை.

1809இல் திருநெல்வேலிச் சீமையில் மற்றோர் அடிக்கோடு. குமரிமுனை அருகே தென்கோடி நிலையம். அதன்பின் அவர் வடக்கே திரும்பினார். 1811இல் கூத்தி, 1815இல் பீதர் என்று அடிக்கோடுகள் அளக்கப்பட்டன. ஐதராபாத்து அவருடைய தலைமையிடமாயிற்று. திருமணச் சடங்கு இன்றி அமைந்த அவருடைய குடும்பமும் பிள்ளைகளும் முகாமிலேயே உடன் இருந்தனர். சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்ற ஆங்கிலோ இந்திய இளைஞர் ஜோசுவா டி பென்னிங்கு அவருக்கு வலக்கை போல அமைந்தார். 1817இல் இலண்டன் அரச கழகமும் பிரெஞ்சு அறிவியல் கழகமும் அவரைச் சிறப்பித்தன. 1818 தொடக்கத்தில் அளவை சென்னை அரசிடமிருந்து கல்கத்தா அரசின் பொறுப்புக்கு மாறி, மாபெரும் முக்கோண அளவை என்ற பெயர் பெற்றது. அவ்வாண்டே ஜார்ஜ் எவரெசுட்டு முதன்மை உதவியாளராக வந்து சேர்ந்தார். கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காடுகளில் எவரெசுட்டின் குழு முழுவதும் நச்சுக்காய்ச்சலில் விழுந்து, ஐதராபாத்திலிருந்து யானைகளும் பல்லக்குகளும் சென்று மீட்டுவர நேர்ந்தது. ஆற்றங்கரைகள் அளவைக்காரரிடம் பெற்ற விலை அது.

எவரெசுட்டு கண்டது முதியவரான லாம்டனை. வழக்கமான நாட்களில் தளர்ந்து அமைதியாக இருப்பவர், கருவியின் அருகே வந்ததும் பழைய வலிமையோடு எழுந்துவிடுவார் என்பது எவரெசுட்டு விட்டுச் சென்ற சித்திரம். அதிர்ந்து பேசாதவர், பிறரை வியக்க வைக்க விரும்பாதவர் என்று மற்றவர் சொல்வதும் அதற்கு இசைந்ததே. தலைமையிடத்தை நாகபுரிக்கு மாற்றக் கருதி ஐதராபாத்திலிருந்து புறப்பட்ட பயணத்தில் இருமல் முற்றியது. நாகபுரிக்குத் தெற்கே, வேணா ஆற்றை ஒட்டிய ஹிங்கன்காட்டில், 1823 சனவரி 20ஆம் நாள் கூடாரத்துக்குள்ளேயே அவர் உயிர் பிரிந்தது. எழுபதை நெருங்கியிருந்த அவர், இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,65,000 சதுர மைலை முக்கோணங்களுக்குள் கொண்டுவந்திருந்தார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெசுட்டு தொடரை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். 1865இல் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு எவரெசுட்டின் பெயர் இடப்பட்டது. புதிய கருவிகளின் துணையோடு, பீதருக்கு வடக்கே முன்னர் அளந்த பகுதியை அவர் மீண்டும் அளக்கச் செய்தார். பீதருக்குத் தெற்கேயுள்ள பகுதியின் முறை 1860களின் பிற்பகுதியில் வந்தது. பெங்களூரில் 1868இலும் அடுத்துக் குமரிமுனையிலும் புதிய அடிக்கோடுகள் அளக்கப்பட்டன; இடையிலுள்ள மலைகளில் லாம்டனின் பழைய நிலையங்களைத் தேடிக்கொண்டு புதிய தலைமுறையினர் ஏறினர்.

அந்தத் தேடலின் முறை அறியத்தக்கது. அளவை முடிந்ததும் கருவி போய்விடும், கொடிக்கம்பம் விறகாகிவிடும்; எஞ்சுவது குறி ஒன்றே. பாறையாயின் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் கொத்துவர். மண்ணாயின் அதே குறியிட்ட கல்லை ஆழப் புதைத்து, அதன் நேர் மேலே தூக்குக்குண்டு பார்த்து மற்றொரு கல்லை வைத்து மேடை கட்டுவர். மேற்கல் பெயர்ந்தாலும் அடிக்கல் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்த ஒழுங்கு பின்னாளில் நிலைபெற்றது. லாம்டன் காலத்தில் அது முழுமை பெறவில்லை. எனவே தேடுகிறவர் முதலில் ஏட்டைப் பார்க்க வேண்டும். இன்ன குன்றிலிருந்து இன்ன கோபுரத்துக்கும் இன்ன மலைக்கும் இடையே இவ்வளவு கோணம் என்று அதில் இருக்கும். குன்றேறி, குறி இருந்திருக்கக்கூடிய இடத்தில் கருவியை நிறுத்தி அதே கோணங்களை அளக்க வேண்டும். எண் பொருந்தவில்லையானால் சில அடி நகர்ந்து மீண்டும் அளக்க வேண்டும். பொருந்தும் இடத்தில் புல்லைச் செதுக்கித் தேட வேண்டும். கல் கிடைத்தாலும் அது லாம்டனின் கல்லா, பிற்காலத்து எல்லைக்கல்லா, ஊர்க்காவல் தெய்வத்துக்கு நட்ட கல்லா என்று தீர்மானிக்க மறுபடியும் கோணங்களையே கேட்க வேண்டும். சில நிலையங்கள் ஐயமின்றிக் கிடைத்தன. சிலவற்றை உறுதியாக அடையாளம் காணவே முடியவில்லை. குறி தொலைந்த நிலையத்தில் லாம்டன் எடுத்த கோணங்கள் எவ்வளவு செம்மையானவையாயினும், அவை முகவரி இல்லாத கடிதங்கள். கருவியைக் காப்பாற்ற ஆறு வாரம் உழைத்த மனிதர், குறியைக் காப்பாற்ற இன்னும் சற்று உழைத்திருக்கலாம் என்று பின்வந்தோர் எண்ணியிருந்தால் அதில் தவறில்லை.

கோபுர நிலையங்களின் சிக்கல் தனிவகையானது. கோயில் அழியாது, ஆனால் குடமுழுக்கு வரும். சுதை புதுப்பிக்கப்படும், கலசம் இறக்கி ஏற்றப்படும். பழைய கலச நுனி நின்ற அதே இடத்தில்தான் புதியதும் நிற்கிறது என்று சிற்பியும் சொல்ல மாட்டார், சிவாசாரியாரும் சொல்ல மாட்டார். அது அவர்கள் கவலையும் அன்று. ஊரார்க்குப் பழுதான கோபுரம் புதுமை பெற்றதே நிறைவு. தஞ்சை விமானத்தின் பெருமை, அதன் கட்டுமானம் முழுவதும் கருங்கல்லாய் இருப்பதனால் இத்தகைய மாற்றங்களுக்கு அது பெரிதும் அப்பாற்பட்டது என்பதே. வெள்ளம் கரையை எத்தனை முறை மாற்றினாலும் படம் வரைகிறவன் திரும்ப வந்து தொடங்குவதற்கு அங்கே ஓர் இடம் உண்டு.

லாம்டனைத் தேடுவோர்க்கு அப்படி ஓரிடம் நெடுங்காலம் எளிதில் அமையவில்லை. ஹிங்கன்காட்டில் அவர் கல்லறை கவனிப்பாரின்றிக் கிடந்தது. தொலைவிலிருந்து அதைக் காண வந்தவர்கள் ஊரில் பலரிடம் வழி கேட்டே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அளவை தொடங்கிய இருநூறாம் ஆண்டு 2002இல் நிறைந்ததை ஒட்டிப் பழைய நினைவுகள் புதுப்பிக்கப்பட்டன. முதல் அடிக்கோடு பிறந்த பரங்கிமலையில் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது. விமானத்தில் மோதி வளைந்து அவர் கையால் நிமிர்ந்த பெருந்தியோடலைட்டு, 1830களில் எவரெசுட்டின் மேற்பார்வையில் மறுபடி செப்பனிடப்பட்டு மேலும் பல ஆண்டுகள் உழைத்தது. பிறகு அது தேராதூனில் நில அளவைத் துறையின் பாதுகாப்புக்குப் போய்ச் சேர்ந்தது.